ஓடைக்குக் கம்பித் தடுப்பு: ஒரு ரயில்வேக்காரனின் எஸ்டிமேட்

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து சுண்டலும் காப்பியும் கைமாறிக்கொண்டிருந்த நேரத்தில், விசைத்தறித் தெரு அன்பர்கள் நாலைந்து பேர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் கையில் வசூல் நோட்டு. அதில் ஏற்கெனவே இரண்டு பக்கம் பெயர்கள் நிரம்பியிருந்தன.

"சார், முப்பத்தெட்டு வருஷம் ரயில்வேயில லைனும் பாலமும் பாத்தவர் நீங்க. நம்ம தெருமுனைப் பாலத்துக்கு ஒரு கம்பித் தடுப்பு போடணும். மழைக்கு முன்னாடியே முடிச்சிடலாம்னு இருக்கோம். ஒரு எஸ்டிமேட் மட்டும் போட்டுக் குடுங்க, போதும்."

அவர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. 2021 நவம்பரில் அந்தத் தெருவில் நடந்ததை நம்மில் பலரும் கண்ணால் பார்த்தோம். மலையிலிருந்து இறங்கி வந்த ஓடை, முள்ளும் செத்தையும் கிழிந்த பாயும் பிளாஸ்டிக் மூட்டையுமாகக் கொண்டுவந்து அந்தச் சின்னப் பாலத்தின் வாயை அடைத்தது. பாலத்தின் கீழே போக வழியில்லாத தண்ணீர் தெருவுக்குள் திரும்பியது. ஆரணியிலிருந்தும் குடியாத்தத்திலிருந்தும் திருத்தணிப் பக்கமிருந்தும் பிழைக்க வந்து, கடன் வாங்கித் தறி போட்ட குடும்பங்கள் அவை. பாவு நனைந்தது, மோட்டார் நனைந்தது, நூல் மூட்டை நனைந்தது. செத்தையைப் பாலத்துக்கு வருமுன்பே கம்பி போட்டுத் தடுத்துவிட்டால் போதும் என்று அவர்களுக்குத் தோன்றியதில் ஆச்சரியம் என்ன?

எஸ்டிமேட் போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். போட்டும் பார்த்தேன். ஆனால் அதை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. காரணத்தைச் சொல்லத்தான் ஆசிரியரிடம் கேட்டு இந்தப் பக்கங்களை வாங்கினேன்.

அப்படி ஒரு கம்பித் தடுப்பை நானே ஒருமுறை போட்டிருக்கிறேன்.

1990களின் நடுப்பகுதி. நான் வேறொரு பகுதியில் பி.டபிள்யூ.ஐ.யாக இருந்தேன். டிப்ளமா படித்துவிட்டுச் சேர்ந்தவன், இளரத்தம். என் பொறுப்பில் இருந்த லைனில் ஒரு கண் பாலம் ஒன்று. பத்தடி அகலம், ஆறேழு அடி உயரம். ஒவ்வொரு மழைக்கும் சீமைக் கருவேல முள்ளும் கரும்புச் சோகையும் வந்து அதில் சிக்கிக்கொள்ளும். கேங் ஆட்கள் போய் எடுப்பார்கள். இந்தத் தொல்லைக்கு ஒரு முடிவு கட்டுகிறேன் என்று, பாலத்துக்கு மேல்பக்கம் பதினைந்தடி தள்ளி, கழித்துப்போட்ட தண்டவாளத் துண்டுகளை வரிசையாக நட்டு, குறுக்கே இரும்புப் பட்டை வைத்து இறுக்கினேன். செலவென்று பெரிதாக ஒன்றுமில்லை. பழைய இரும்பு, கேங் ஆட்களின் உழைப்பு, கொஞ்சம் சிமெண்ட். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த மேலதிகாரி பார்த்து, "நல்ல யோசனை" என்றார். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வருஷம் கோடை முழுவதும் சொட்டு மழை இல்லை. பருவமழைக்கு முன்னால் எல்லாப் பாலங்களின் நீர்வழியையும் துப்புரவு செய்து ரிஜிஸ்தரில் எழுதவேண்டும்; அதையும் செய்து கையெழுத்துப் போட்டேன். ஐப்பசிக் கடைசியில் ஒரு ராத்திரி பிடித்துக்கொண்டது மழை.

மழைக்காலத்தில் இரவு ரோந்து உண்டு. கேங்மேன் ஒருவர் கையில் விளக்கும் தோளில் பையுமாகத் தண்டவாளத்தின் ஓரமாகவே நடப்பார். பையில் சிவப்பு, பச்சைக் கொடி, விசில், தண்டவாளத்தில் வைக்கிற வெடி. ஆபத்தென்றால் 600 மீட்டரில் ஒரு வெடி, 1200 மீட்டரில் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று வெடி வைத்து வண்டியை நிறுத்தவேண்டும். அன்று ரோந்தில் இருந்தவர் ரிடையராக ஒரு வருஷமே இருந்த ஒரு தெலுங்குப் பெரியவர். இரவு ஒன்றரை மணி இருக்கும். அந்தப் பாலத்தருகே வந்தவர் மேல்பக்கம் விளக்கடித்துப் பார்த்தார். தண்ணீர் ஜல்லிக்கு இரண்டடி கீழே நின்றது. கீழ்ப்பக்கம் அடித்துப் பார்த்தார். கேட் போனில் எனக்கு அவர் சொன்ன வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது.

"ஆ பக்க நீள்ளு லேவு சார்."

அந்தப் பக்கம் தண்ணீர் இல்லை, சார். இதைக் கேட்டு, தண்ணீர் இல்லையென்றால் நல்லதுதானே என்று மற்றவர் நினைப்பார்கள். லைனில் வேலை பார்த்தவனுக்கு வயிற்றைக் கலக்கும். மேல்பக்கம் குளமாக நிற்கிறது, கீழ்ப்பக்கம் வறண்டு கிடக்கிறது என்றால், நடுவில் உள்ள மண்கரை அணையாகிவிட்டது என்று அர்த்தம். ரயில்வே கரை அணையாகக் கட்டப்பட்டதல்ல. அது வண்டியின் பாரத்தைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. ஊறி, கசிந்து, அடிமண் கரைந்து, ஒரு நிமிஷத்தில் உட்கார்ந்துவிடும். அதன்மேல் தண்டவாளம் மட்டும் ஏணிபோல அந்தரத்தில் தொங்கும். டிரைவர் கண்ணுக்கு லைன் இருப்பதாகவே தெரியும்.

பெரியவர் வண்டிகளை நிறுத்திவிட்டார். நான் கேங்கைக் கூட்டிக்கொண்டு டிராலியில் போய்ச் சேர்ந்தபோது பார்த்தேன்: பாலத்தின் வாய் சுத்தமாக இருந்தது. அடைத்திருந்தது என் கம்பித் தடுப்பு. ஒரு முள்மரம் குறுக்கே விழுந்து, அதில் சோகை சிக்கி, சோகையில் சேறு படிந்து, சுவர் வைத்ததுபோல இருந்தது. செத்தையைப் பிடிக்கத்தானே போட்டேன்? பிடித்தது. கொடுத்த வேலையைக் குறையில்லாமல் செய்தது.

தண்ணீரில் யாரும் இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அடைப்பு திடீரென்று விட்டால் ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். கரையில் நின்று நீளக் கொக்கியாலும் கயிற்றாலும் இழுத்து, இருபது பேர் விடியும்வரை போராடினோம். கரையின் ஒரு பக்கம் சரிந்தது. லைன் பதினோரு மணி நேரம் மூடிக் கிடந்தது. உயிர்ச்சேதம் இல்லை. முந்தின ஸ்டேஷனில் ஒரு பாசஞ்சர் வண்டி நின்றிருந்தது. அதில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கத் தைரியம் இல்லை என்பதே உண்மை.

அடுத்த வாரமே அந்தத் தண்டவாளத் துண்டுகளைப் பிடுங்கிப் போட்டேன்.

நிற்க. இது ஏதோ ஒரு பி.டபிள்யூ.ஐ.யின் அசட்டுத்தனம் என்று தள்ளிவிட முடியாது. சின்ன ஓடைகள் ரயில்வேக்குக் கற்பித்த பாடங்கள் நிறைய. நம் புத்தூர் வழியாகப் போகிற லைன் 1860களில் மதராஸ் ரயில்வே கம்பெனி போட்ட பழைய லைன். 1871ல் ராய்ச்சூரில் பம்பாய் லைனோடு சேர்ந்தது. அந்தப் பாதையில்தான், கடப்பைக்கு அப்பால் மங்கப்பட்டணத்தில், 1902 செப்டம்பரில் வெள்ளம் பாலத்தை அறுத்துக்கொண்டு போக, பம்பாய் மெயில் இருட்டில் அதற்குள் விழுந்தது. எழுபது பேர் வரை மாண்டார்கள். 1956 நவம்பர் 23 விடியற்காலையில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸுக்கு நேர்ந்ததை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதன் பிறகுதான் ரயில்வே மந்திரியாக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். 2005 அக்டோபர் 29ல் வலிகொண்டாவில் டெல்டா பாசஞ்சர் கவிழ்ந்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். மேலே இருந்த ஒரு சாதாரண ஏரியின் கரை உடைந்து லைனை அரித்ததுதான் காரணம்.

இதனால்தான் ரயில்வேயில் "ரயில்வேயைப் பாதிக்கும் ஏரிகள்" என்று ஒரு பட்டியலே உண்டு. லைனுக்கு மேல்பக்கம் எந்த ஊரில் எந்த ஏரி உடைந்தால் எந்தப் பாலத்துக்கு ஆபத்து என்று எழுதி வைத்திருப்பார்கள். மழைக்கு முன்னால் ரயில்வேக்காரரும் மாநில அரசின் பாசனத்துறைக்காரரும் சேர்ந்து போய்க் கரையையும் மதகையும் கலங்கலையும் பார்க்கவேண்டும். கலங்கல் என்று நாம் சொல்வதைத்தான் இங்கே மொரவ என்கிறார்கள். ஏரி கோடி போகிற அந்த வழியில் முள் வளர்ந்து அடைத்திருந்தால் தண்ணீர் கரைமேல் ஏறும்; மண்கரைமேல் தண்ணீர் ஏறினால் கதை முடிந்தது. நம் பாலத்தைக் காக்க வேண்டுமானால் நாலு மைல் மேலே போய்ப் பார்க்கவேண்டும் என்பது அந்தப் பட்டியல் சொல்லும் விஷயம்.

இனி எஸ்டிமேட்டுக்கு வருவோம்.

தெருமுனைப் பாலத்தின் கண்ணை டேப் வைத்து அளந்தேன். மூன்று மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம். ஆறு சதுர மீட்டர். அதன் எதிரே கம்பி நட்டால், கம்பியின் கனமே ஒரு சதுர மீட்டரை எடுத்துக்கொள்ளும். மீதி ஐந்து. செத்தை வந்து பாதியை மூடினால் இரண்டரை. அதே தண்ணீர் பாதி வழியில் போகவேண்டுமென்றால் இரண்டு மடங்கு வேகத்தில் போகவேண்டும். இங்கேதான் சூட்சுமம். வேகம் இரண்டு மடங்கானால், அந்த வேகத்தைக் கொடுக்க மேல்பக்கம் தண்ணீர் ஏறவேண்டிய உயரம் இரண்டு மடங்கல்ல, நாலு மடங்கு. முக்கால்வாசி மூடினால் பதினாறு மடங்கு. சுத்தமான தடுப்பில் இரண்டங்குலம் ஏறுகிற தண்ணீர், பாதி மூடினால் எட்டங்குலம், முக்கால் மூடினால் இரண்டே முக்கால் அடி. செத்தை வந்து மூட மணிக்கணக்கு வேண்டாம். ஒரு நல்ல முள்மரம் வந்தால் ஐந்து நிமிஷம்.

அப்படி ஏறுகிற தண்ணீர் யார் வீட்டுக்குப் போகும்? கம்பி போடச் சொன்ன இடத்துக்கு மேல்பக்கம் இருபது முப்பது தெலுங்குக் குடும்பங்கள் இருக்கின்றன. மாந்தோப்பு வேலைக்கும் கல் வேலைக்கும் போகிறவர்கள். நம் தெருவுக்கு ஓரடி தண்ணீர் குறைந்து அவர்கள் வீட்டுக்கு இரண்டடி கூடினால் அது என்ன நியாயம்? நாம் இந்த ஊருக்குப் பிழைக்க வந்தவர்கள் என்பதை விட்டுவிடுங்கள். சொந்த ஊரிலேயே செய்யக்கூடாத காரியம். தவிரவும் ஓடை என்பது புறம்போக்கு. நகராட்சியின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் நாம் ஒரு கம்பி நட்டாலும், நாளை ஒரு வீடு இடிந்தால் வசூல் நோட்டில் உள்ள அத்தனை பெயரும் சாட்சி.

அடுத்தது பணம். இன்றைய கூலியையும் வாடகையையும் விசாரித்து நானே போட்ட உத்தேசக் கணக்கு இது. கம்பி, கான்கிரீட் அடித்தளம், வெல்டிங், கூலி எல்லாம் சேர்த்து ஆறு லட்சம். இதைத்தான் அன்பர்கள் கேட்டார்கள். இதை வசூல் செய்தும் விடலாம். ஆனால் அந்தத் தடுப்பை ஐப்பசி முதல் மார்கழி வரை பகலும் இரவும் பார்த்துக்கொள்ள இரண்டு ஆள் வேண்டும். மாதம் தலைக்குப் பதினைந்தாயிரம் என்றால் மூன்று மாதத்துக்குத் தொண்ணூறாயிரம். பெரிய மரம் வந்தால் இழுத்துப்போட ஜே.சி.பி. வாடகை, வருஷத்துக்கு இருபது மணி நேரம், இருபத்துநாலாயிரம். எடுத்த செத்தையைக் கரையிலேயே போட்டால் அடுத்த மழையில் திரும்ப ஓடைக்கே போகும். டிராக்டரில் ஏற்றி அனுப்ப நாற்பது நடை, நாற்பதாயிரம். வளைந்த கம்பியை நிமிர்த்த, பெயிண்ட் அடிக்கப் பதினாறாயிரம். ஆக வருஷத்துக்கு 1,70,000 ரூபாய். தடுப்பின் ஆயுள் முப்பது வருஷம் என்று வைத்தால், கூலி ஏறாது என்ற நடக்காத கற்பனையிலேயே, 51 லட்சம்.

போட ஆறு. காக்க ஐம்பத்தொன்று. சர்வீஸில் நான் பார்த்த எஸ்டிமேட் எதிலும் முதல் எண் பெரிய எழுத்தில் இருக்கும். இரண்டாவது எண்ணுக்குத் தனியாக ஒரு தாள்கூட இருக்காது. திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்ட ஆள் வருவார்கள். இரண்டு மணி ராத்திரியில் கொட்டுகிற மழையில் கொக்கி பிடிக்க யார் வருவார்கள்?

இந்த இரண்டாவது எண்ணை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு வெகு தூரம் போகவேண்டாம். நாம் தெருவில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த அதே நாட்களில், 2021 நவம்பர் 19 காலை, அப்போதைய கடப்பை மாவட்டத்தில் ராஜம்பேட்டைக்கு மேலே சேயேற்றின் அன்னமய்யா அணை உடைந்தது. அதற்கு மேலே இருந்த பிஞ்சா அணை முதலில் உடைந்து, அந்தத் தண்ணீரும் சேர்ந்து வந்தது. கான்கிரீட் மதகுப் பகுதி நின்றது, மண்கரை போய்விட்டது. அன்று கார்த்திகைப் பௌர்ணமி. கோயிலில் விளக்கேற்றப் போனவர்களையும் வீட்டில் இருந்தவர்களையும் வெள்ளம் கொண்டுபோயிற்று. நந்தலூருக்கும் ராஜம்பேட்டைக்கும் நடுவே ரயில் பாதை அறுந்தது. அணையின் ஐந்து ஷட்டர்களில் ஒன்று வேலை செய்யவில்லை என்று ஒன்றிய ஜலசக்தி அமைச்சர் மாநிலங்களவையில் சொன்னார். வந்த வெள்ளமே அணையின் சக்திக்கு மீறியது என்பது மாநில அரசின் வாதம். இரண்டில் எது எவ்வளவு என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. திறக்கவேண்டிய நேரத்தில் திறக்காத ஷட்டரும், எடுக்கவேண்டிய நேரத்தில் செத்தை எடுக்காத கம்பியும் ஒரே ஜாதி என்பதை மட்டும் சொல்கிறேன்.

சக்திக்கு மீறிய வெள்ளம் என்றேன். அதையும் கொஞ்சம் விளக்க வேண்டும். தண்ணீர் எவ்வளவு வரும் என்று கணக்குப் போட, டிப்ளமா வகுப்பில் எங்களுக்கு ரைவ்ஸ் சூத்திரம் சொல்லிக் கொடுத்தார்கள். 1884ல் மதராஸ் மாகாணத்துக்கென்று வந்தது. மழை விழும் பரப்பைச் சதுர கிலோமீட்டரில் எடுத்து, அதன் மூன்றில் இரண்டு மடியை ஒரு கெழுவால் பெருக்கினால் வெள்ளத்தின் அளவு, விநாடிக்கு இத்தனை கன மீட்டர் என்று கிடைக்கும். கடலிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் கெழு 6.8, எண்பதுக்கு மேல் 160 வரை 8.5, மலையடிவாரமானால் 10.2. நம் புத்தூரோ ஏறக்குறைய எண்பதிலேயே இருக்கிறது, மலையும் தலைமேல் நிற்கிறது! பத்து சதுர கிலோமீட்டர் பரப்புக்கு முதல் கெழுவைப் போட்டால் 32 கன மீட்டர், இரண்டாவதுக்கு 39, மூன்றாவதுக்கு 47. ஒரே ஓடை, ஒரே சூத்திரம், மூன்று விடை.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. அந்தச் சூத்திரத்தில் மழையளவு என்று ஒன்றே கிடையாது. அந்தக் காலத்தில் பார்த்த வெள்ளங்களை வைத்துக் கெழுவைப் பிடித்தார்கள். வானம் மாறாது என்ற நம்பிக்கை உள்ளே ஒளிந்திருக்கிறது. வானம் மாறிவிட்டது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் அது ஏழு சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும் என்பது பௌதிகப் பாடம். நாலு நாள் பெய்யவேண்டியது நாலு மணி நேரத்தில் கொட்டுவதை நாமே பார்க்கிறோம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. அதே மழையில் ஏரி குளங்கள் உடைந்து ஸ்ரீவைகுண்டத்துக்கும் செய்துங்கநல்லூருக்கும் இடையே தண்டவாளத்தின் கீழே ஜல்லி போய், செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் எண்ணூறு பேர் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டார்கள். முன்கூட்டியே வண்டியை நிறுத்தியதால் உயிர் தப்பினார்கள்.

மழை கூடினால் தண்ணீர் மட்டும் கூடுவதில்லை, செத்தையும் கூடுகிறது. மழைக்கு மழை இடைவெளி நீண்டால் ஓடையில் காய்ந்த முள்ளும் குப்பையும் அதிகம் சேரும்; முதல் வெள்ளம் அத்தனையையும் ஒரே மூட்டையாகக் கொண்டுவரும். ஜெர்மனியில் அஹர் என்று ஒரு சிற்றாறு. 2021 ஜூலையில் அதில் வந்த வெள்ளம் மரங்களையும் கார்களையும் வண்டி வீடுகளையும் அடித்துவந்து, பழைய கல் பாலங்களின் கண்களை அடைத்தது. பாலங்கள் அணையாகித் தண்ணீர் ஊருக்குள் ஏறியது. சில பாலங்கள் உடைந்தபோது அலையாகக் கீழே பாய்ந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் 130 பேருக்கு மேல் இறந்தார்கள். ஜெர்மனியிலேயே இந்த நிலை. 1952ல் இங்கிலாந்தில் லின்மவுத் என்ற கடலோரக் கிராமத்திலும் இப்படியே மரங்கள் பாலத்தை அடைத்து 34 பேர் இறந்தார்கள்.

இதையெல்லாம் அனுபவித்த பிறகு பிரிட்டனில் அரசுப் பொறியாளர்களுக்கு ஒரு வழிகாட்டி எழுதினார்கள். பாலத்தின் வாயில் கம்பித் தடுப்பு போடுவது கடைசி யோசனையாக இருக்கட்டும். போட்டே ஆகவேண்டுமென்றால் பாலத்தின் கண்ணைப்போலப் பல மடங்கு பரப்புள்ளதாகப் போடுங்கள். மழையில் யார் வந்து துப்புரவு செய்வார்கள், எந்த வழியாக வருவார்கள் என்பதை முதலில் தீர்மானியுங்கள் என்பது அதன் சாரம். ஜப்பானில் மலை ஓடைகளில் இடைவெளி விட்ட தடுப்பணை கட்டுகிறார்கள். சாதாரணத் தண்ணீரும் மணலும் இடைவெளியில் போய்விடும். பாறையும் மரமும் மட்டும் மேலேயே நிற்கும். அதைக் கட்டுவது ஊருக்குள் இருக்கும் பாலத்தின் வாயில் அல்ல, ஊருக்கு மேலே, தண்ணீர் பரவ இடமுள்ள இடத்தில். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஆற்றின் முகத்துவாரத்தில் 2014ல் ஒரு சக்கரம் வைத்தார்கள். ஓடுகிற தண்ணீரும் சூரிய சக்தியும் சுழற்ற, அதுவே குப்பையை வாரித் தொட்டியில் போடுகிறது. பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் தொட்டி நிறைந்ததும் எடுத்துப்போக அங்கேயும் ஆள்தான். நம் சென்னைக் கூவத்தில் மிதவைத் தடுப்பு போட்டார்கள். அதன் கதையும் அதுவே. தினம் வாரினால் பயன், வாராவிட்டால் இன்னொரு குப்பை.

ஆகவே விசைத்தறித் தெரு அன்பர்களுக்கு என் பதில்: தெருமுனைப் பாலத்தின் வாயில் கம்பி வேண்டவே வேண்டாம். தடுப்பு வேண்டும் என்று நகராட்சியே முன்வந்தால், மேலே நூறு மீட்டர் தள்ளி, வீடுகள் இல்லாத அகன்ற இடத்தில் வைக்கட்டும். கம்பி செங்குத்தாக நிற்காமல் சாய்ந்திருக்கட்டும்; வெள்ளம் செத்தையை மேலே தள்ளும், அடியில் வழி திறந்திருக்கும். தரையிலிருந்து ஓரடி இடைவெளி விடட்டும். முழுதும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் மேலே வழிந்து ஓடைக்கே திரும்பும்படி உயரத்தைக் குறைத்து வைக்கட்டும். டிராக்டர் வர ஒரு பாதை வேண்டும். ஆறு லட்சத்தில் இது முடியாது. இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். இரண்டாவது எண்ணுக்கான தாளை முதலில் எழுதினால்தான் நான் எஸ்டிமேட்டில் கைவைப்பேன்.

இதைக் கேட்டதும் வசூல் நோட்டுக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. "அப்போ இந்த மழைக்கு ஒண்ணும் செய்ய முடியாதுன்னு சொல்றீங்களா சார்?" என்றார்.

முடியும். போன ஞாயிற்றுக்கிழமை அவரும் நானும் இன்னும் ஆறு பேருமாக ஓடையோடு மேலே நடந்தோம். மேல்பக்கத் தெருவிலிருந்து மூன்று பேர் தாங்களாகவே சேர்ந்துகொண்டார்கள். வழி அவர்களுக்குத்தான் தெரியும். எலும்பு முறிந்த பிறகு கட்டுப் போடுவதில் நம் புத்தூருக்கு நாடெங்கும் பேர். முறியாமல் பார்த்துக்கொள்ள என்ன வழி என்று பார்க்கப் போனோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிலோமீட்டருக்குள் எண்ணியது: வெட்டி ஓடைக்குள்ளேயே போட்ட கருவேல முள் குவியல் நாலு, மாங்கிளை கழித்துப்போட்டது இரண்டு, சாய்ந்து நிற்கிற, அடுத்த வெள்ளத்தில் விழப்போகிற மரம் மூன்று, பழைய மெத்தை ஒன்று, நம் தெருவிலிருந்தே போன கழிவுநூல் மூட்டைகள் பதினொன்று. கடைசிக் கணக்கைச் சொல்லும்போது யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நம் ஓடைத் தண்ணீர் நாராயணவனம் வழி ஆரணியாற்றில் சேர்ந்தால் பிச்சாட்டூர் அணை, அங்கிருந்து ஊத்துக்கோட்டை, பழவேற்காடு என்று தமிழ்நாட்டுக்குத்தான் போகிறது. மூட்டைகளை ஊருக்கு அனுப்புகிறோம் போலிருக்கிறது என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

இதை அப்புறப்படுத்த ஒரு ஜே.சி.பி. இரண்டு நாள், டிராக்டர் பன்னிரண்டு நடை. வசூலான பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. நகராட்சிக்குத் தெலுங்கில் ஒரு மனு எழுதி, இரண்டு தெருக்காரரும் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறோம். பாலத்தின் தூணில், ரயில்வேயில் செய்வதுபோல, 2021ல் தண்ணீர் ஏறிய மட்டத்தைச் சிவப்புப் பெயிண்டிலும், அதற்கு மூன்றடி கீழே எச்சரிக்கை மட்டத்தை மஞ்சளிலும் நானே கோடு போட்டுவிட்டேன். கை நடுங்குகிறது, கோடு கொஞ்சம் கோணல்.

மழை இரவுகளில் அந்த மஞ்சள் கோட்டை மணிக்கொருமுறை டார்ச் அடித்துப் பார்த்து, தண்ணீர் தொட்டால் இரண்டு தெருவையும் எழுப்ப மூன்று பேர் வேண்டும். கீழ்ப்பக்கமும் பார்க்கவேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒருவர் நம் வசூல் நோட்டுக்காரர். இன்னொருவர் மேல்பக்கத் தெருவில் கல்லுடைக்கப் போகும் இளைஞர். மூன்றாவது ஆளாக நான் வருகிறேன் என்றேன். வீட்டில், அறுபத்தாறு வயதில் மழையில் நனையவேண்டாம் என்கிறார்கள். ஐப்பசிக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. விருப்பமுள்ள அன்பர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். டார்ச்சும் மழைக்கோட்டும் வசூல் பணத்தில் வாங்கியாயிற்று.